குட்டி என்றொரு கோப்பு

அந்த அலுவலகத்தில் யாராவது "குட்டி போட்டாச்சா?" என்று கேட்டால், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். பூனை ஏதோ இருக்கிறது என்று நினைத்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தவரும் உண்டு. அப்புறம் யாராவது சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்குவார்கள்.

டயர்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அவர்கள் செய்து விற்பது பஸ் ஓட்டும் விளையாட்டு. கையில் பிடித்து ஆடுகிற சின்னக் கருவி, அதற்குள்ளேயே விளையாட்டு. திரையில் ஒரு பஸ் ஓடும். ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும், ஆளை ஏற்ற வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பைத்தியமாக அலைகிறவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். விளையாட்டில் ஒரு புதுச் சாலையைச் சேர்த்தாலோ ஒரு தப்பைத் திருத்தினாலோ, முழு விளையாட்டையும் மறுபடி அனுப்புவதில்லை. மாறிய இடங்களை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் அடைத்து அனுப்புவார்கள். கருவியை ஆன் செய்ததும் அது கோப்பை இறக்கிக்கொண்டு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அந்தக் கோப்புக்குத்தான் 'குட்டி' என்று பெயர்.

பெயர் வைத்தவன் மாப்பிள்ளை. முதலாளியின் ஒரே தங்கையைக் கட்டியவன். முதலாளி 'மாப்பிள்ளை' என்று கூப்பிட, அலுவலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. கூரியர்காரர்கூட, "மாப்பிள்ளை சார், ஒரு கையெழுத்து" என்பார். தங்கையை முதலாளி சின்ன வயதிலிருந்தே குட்டி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில், மச்சானுக்கும் மனசு குளிரட்டும், பெண்டாட்டிக்கும் குளிரட்டும் என்று அந்தப் பெயரையே கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வால்பெயராக வைத்தான். மச்சானுக்குக் குளிர்ந்தது. பெண்டாட்டிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாம் குட்டி போட்டாச்சா, குட்டி ஏன் லேட்டுன்னு பேசறாங்க. உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"அன்புல வெச்சது."

"அன்பை வீட்டோட வெச்சுக்கணும்."

பழைய விளையாட்டுகளைத் திருத்தி ஆடுகிறவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஐ.பி.எஸ். என்ற கோப்பு வகையைப் பார்த்து அவன் செய்தது அது. அமைப்பு ரொம்ப எளிது. 'இந்த இடத்துக்குப் போ, இத்தனை எழுத்து, இதை எழுது' என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு அடையாளம். அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்காது. வந்தது சரியான இடம்தானா என்று பார்க்காது. சொன்னதை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். சின்னது, வேகமானது, மந்தமான இணைப்பிலும் இறங்கும். அதைப் படிக்கிற நிரலை, பிறகு மாற்றவே முடியாத சில்லில் பதித்து, கருவிகளை விற்றும் ஆகிவிட்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. விற்ற கருவி ஒவ்வொன்றும் குட்டியைத் தவிர வேறெதையும் படிக்காது. குட்டியிலோ கால் வைக்கிற இடமெல்லாம் கண்ணி. ஒரு இடத்தின் எண் தற்செயலாக அந்த 'முடிந்தது' அடையாளத்தைப் போலவே அமைந்துவிட்டால், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கருவி பாதியிலேயே நின்றுவிடும். அப்படி வந்தால் அதற்கு ஒரு எழுத்து முன்னாலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கிற விளையாட்டுப் பிரதிக்கு முன்னால் ஒரு தலைப்புத் துண்டு ஒட்டியிருக்கும். கருவியில் இருக்கிற பிரதியில் அது கிடையாது. அதை வெட்டியெடுத்துவிட்டுத்தான் பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். இதெல்லாம் மாப்பிள்ளைக்கு அத்துப்படி. மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது போன் வந்தது; டாக்டரே போனைக் காதில் பிடித்துக்கொள்ள, "ஆ... ஆ" என்றே ஒரு வெளியீட்டை முடித்துக்கொடுத்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மலைக்குக் கிளம்பிய பயணத்தில் பாதி வழியில் டாக்ஸியைத் திருப்பச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பெண்டாட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், டிரைவர் மட்டும், "ஆபீஸ் அவ்ளோ முக்கியமா சார்?" என்று கேட்டார்.

மச்சான் அவனுக்குத் தனி அறை கொடுத்தார். அறையில் ஜன்னல் இருந்தது. திறந்தால் ஏ.சி.யின் வெளிப்பெட்டி முகத்தில் அனலாக மூச்சு விட்டது. அதனால் எப்போதும் சாத்தியே கிடந்தது. கீழே டயர்க் கடையில் காற்றடிக்கிற மோட்டார் இரையும்போதெல்லாம் மேஜை அதிர்ந்து பேனா தானாக உருளும். வருஷக்கணக்கில் அந்தப் பேனா உருளுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒட்டகம் கூப்பிட்டான். கூடப் படித்தவன், கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். கடலோரத்தில், வேறொரு ஊரில், காதுக் கருவி செய்கிற நிறுவனத்தில் இருந்தான்.

"டேய், காதுக்குள்ள இருக்கற மெஷினுக்கு அப்டேட் அனுப்பணும். சின்ன மெமரி, சின்ன பேட்டரி. உன்னை மாதிரி ஒரு ஆளுதான் தேடறோம். வந்துடு. காது கேக்காதவனுக்குக் கேக்க வைக்கற வேலைடா. பஸ் ஓட்டினது போதும்."

அன்றைக்கு முழுக்க அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே மச்சான் முன்னால் போய் நின்றான்.

மச்சான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அப்பா அம்மா இல்லாமல் தங்கையை வளர்த்துப் படிக்கவைத்தவர். எதையும் சிரித்துக்கொண்டே மறுப்பார்.

"நல்ல விஷயம்தானே மாப்பிள்ளை. போங்க. யார் வேண்டாம்னா? ஆனா நீங்க போயிட்டா குட்டியை யார் பார்த்துப்பா?"

எந்தக் குட்டியைச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை.

"யாருக்காவது சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன், மச்சான்."

"தாராளமா. ஒருத்தர் கத்துக்கட்டும். அன்னிக்கே நான் உங்களை வழியனுப்பறேன்."

கற்றுக்கொள்ள முன்வந்தவர் டெஸ்டிங் அக்கா. வெளியீட்டுக்கு முன் விளையாட்டை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிறவர்; நாள் முழுக்கப் பஸ் ஓட்டியே கட்டைவிரல் காய்த்துப்போனவர். கெட்டிக்காரி. முதல் பாடத்திலேயே, "அப்போ இந்த ஃபைலுக்குத் தான் எங்க எழுதறோம்னே தெரியாதா? கண்ணைக் கட்டிக்கிட்டு சுவத்துல ஆணி அடிக்கற மாதிரியா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் இரண்டாவது பாடம் நடப்பதற்குள் மச்சான் அவரைக் கிடங்குக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் கண்காட்சி வேலை. அது முடிந்ததும் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு. ஏதோ நேரம் சரியில்லை என்றுதான் மாப்பிள்ளை நினைத்தான். ஒட்டகத்திடம் "இன்னும் கொஞ்ச நாள்" என்று இழுத்துக்கொண்டே போனான்.

ஒருநாள் ஒட்டகம் கறாராகச் சொல்லிவிட்டான். "பெரியவங்க மூணு பேர் உன்னை நேர்ல பார்க்கணுமாம். வர்றியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

வீட்டில், "கஸ்டமரைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் பஸ் ஏறினான். இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்தனுப்பிய பெண்டாட்டி, "நல்லபடியா பேசிட்டு வாங்க" என்றாள். அவள் குரலில் ஏதோ இருந்தது. என்னவென்று பார்க்க அவனுக்கு அவகாசமில்லை.

அந்த நிறுவனத்தின் பேட்டி அறையில் பெரிய ஜன்னல் திறந்திருந்தது. உப்புக்காற்று வந்து காகிதங்களைப் புரட்டியது. கேட்ட கேள்விக்கெல்லாம் மாப்பிள்ளை சரளமாகப் பதில் சொன்னான். கருவி பாதியில் அணைந்தால் என்ன செய்வீர்கள், தப்பான கருவிக்குத் தப்பான திருத்தம் போனால் எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பி.பி.எஸ். என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது, பழைய பிரதி, புதிய பிரதி, திருத்தம் மூன்றுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கும், பொருந்தாவிட்டால் கை வைக்கவே வைக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்தே அலுவலகத்திலிருந்து வந்த போனை எடுக்காமல் விட்டிருந்தான். இப்போது சட்டைப் பையில் அது துடித்தது. நிறுத்தினான். மறுபடி துடித்தது. எதிரில் இருந்த அம்மா, "எடுங்க, பரவாயில்லை" என்றார்.

டெஸ்டிங் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை சார், முதலாளி இன்னிக்கே குட்டி போகணும்னாரு. நீங்க போனை எடுக்கல. நீயே போடு, கத்துக்கிட்டியேன்னாரு. போட்டேன். இப்போ எல்லா மெஷின்லயும் ரோடே இல்ல சார். திரை முழுக்கப் புள்ளி புள்ளியா வருது. டிப்போவை விட்டு வண்டி கிளம்பவே மாட்டேங்குது. புகார் போன் நிக்கல."

"தலைப்புத் துண்டை வெட்டினீங்களா?"

"என்ன துண்டு சார்?" அந்தப் பாடம் நடக்கவே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாப்பிள்ளை எழுந்து, "மன்னிக்கணும், நான் கிளம்பணும்" என்றான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் ஒட்டகம் கையைப் பிடித்தான். "இப்போ போனா இந்த வேலை போச்சுடா. உனக்குத் தெரியுதா?" தெரிந்தது. ஆனாலும் கால் பஸ் நிலையத்துக்குத்தான் போயிற்று. திரும்பும் வழியெல்லாம், போகச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே, நானாகத்தானே போகிறேன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சாவு வீடு மாதிரி இருந்தது. டெஸ்டிங் அக்கா கண் வீங்கி உட்கார்ந்திருந்தார். "தப்பு உங்களோடது இல்ல அக்கா" என்று முதலில் அவரிடம் சொன்னான். பிறகு ஒரு கருவியைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்தான். நினைத்தது சரி. எழுதியது எல்லாம் சரியான எழுத்துதான். இடம் மட்டும் தலைப்புத் துண்டின் நீளத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. பழைய எழுத்து குட்டிக்குள் கிடையாது என்பதால் அதை வைத்துப் பின்னால் திருப்பவும் வழியில்லை. அதோடு, சில பேர் கருவியை இன்னும் ஆன் செய்யவே இல்லை. கெட்டுப்போனது ஒரு கூட்டம், கெடாதது ஒரு கூட்டம். இரண்டுக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

ஒரு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு வழி தட்டுப்பட்டது. முன்னால் என்ன இருந்தது என்று குட்டிதான் பார்க்காதே! தப்பாக எழுதப்பட்ட இடம், எழுதப்பட வேண்டிய இடம் இரண்டையும் முழுதாக, சரியான எழுத்தால் மறுபடி எழுதினால் போதும். கெட்ட கருவியும் சரியாகும், நல்ல கருவிக்கும் கேடில்லை. கோப்புதான் கனமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நினைப்போடு இன்னொரு நினைப்பும் வந்தது. இவ்வளவு பெரிய கோப்பு எப்படியும் போகத்தான் போகிறது. அதோடு விளையாட்டுக்குள்ளேயே ஒரு புதுப் படிப்பானையும் எழுதிவிட்டால்? பி.பி.எஸ். கோப்பைப் படிக்கிற நிரல். சில்லில் இருக்கிற பழைய படிப்பான் சும்மா கிடக்கும். இனி வருவதெல்லாம் புது வழியில் வரும். தப்பான பிரதி என்றால் கருவியே ஏற்காது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், அதற்கான கருவிகள் சும்மாவே கிடைக்கின்றன. மாப்பிள்ளை தேவையில்லை. எப்போதோ செய்திருக்கலாம். ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

மச்சானிடம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"சரிபண்றதை மட்டும் பண்ணுங்க மாப்பிள்ளை. புதுசு எதுவும் வேண்டாம்."

"இது இருந்திருந்தா இன்னிக்கு இந்தக் கூத்தே நடந்திருக்காது, மச்சான்."

"வேண்டாம்னேன்."

"ஏன்?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பில் மாப்பிள்ளைக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கிடங்குக் கணக்கெடுப்பு, கண்காட்சி, புகார்ப் பிரிவு.

"அக்காவை வேணும்னேதான் மாத்திக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

"என்னை இங்கேயே கட்டிப்போடறதுக்கா? உங்க கம்பெனிக்காகவா?"

மச்சானுக்கு முகம் சிவந்தது. "கம்பெனி நாசமாப் போகட்டும். எனக்கென்ன உங்களைப் பிடிச்சு வைக்கணும்னு வேண்டுதலா? குட்டிதான் சொன்னா. 'அவர் கையிலேயே வேலை இருக்கட்டும் அண்ணா, விட்டுடாதீங்க'ன்னு அவதான் சொன்னா. வீட்ல போய்க் கேளுங்க."

வீட்டில் பெண்டாட்டி தட்டு வைத்துக் காத்திருந்தாள். அவன் கை கழுவவில்லை. கேட்டான். அவள் மழுப்பவில்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க ஒட்டகத்துக்கிட்டப் பேசினீங்க. அண்ணன்கிட்டப் பேசினீங்க. டெஸ்டிங் அக்காவுக்குப் பாடம் எடுத்தீங்க. என்கிட்ட எப்போ கேட்டீங்க?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அவள் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவள். பக்கத்துத் தெருவில் சொந்தமாகச் சின்னச் சிகிச்சை அறை. கை விழுந்தவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், முட்டி மாற்றியவர்கள் என்று காலையிலிருந்து வரிசை நிற்கும். ஒவ்வொரு கட்டிலாக, ஒவ்வொரு கப்பியாக வாங்கிச் சேர்த்தது.

"அங்க வந்தா நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சீங்களா? அவ முதல்லேர்ந்து ஆரம்பிப்பான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இன்னிக்குக் காலையில பொய் சொல்லிட்டுப் போனீங்க. ஒட்டகம் வீட்டம்மா நேத்தே எனக்கு வாழ்த்து சொல்லிட்டா. தெரிஞ்சுக்கிட்டேதான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்."

"அப்போ நேரா என்கிட்டயே போகாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே. இப்படிப் பின்னால இருந்து..."

"சொல்லியிருக்கலாம்." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "சொன்னா என்னைத் திட்டிக்கிட்டே காலம் பூரா இருப்பீங்க. வேலையைத் திட்டினா பரவாயில்லன்னு நினைச்சேன். தப்புதான். ஆனா எனக்கு வேற வழி தெரியல."

இருவரும் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிப்போனது. இத்தனை நாளாக வழியை அடைத்துக்கொண்டு நின்றது கோப்பு என்று நினைத்தான், பிறகு மச்சான் என்று நினைத்தான். இப்போது திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

மறுநாள் காலை நேராக மச்சானிடம் போனான். "புதுப் படிப்பானோடதான் திருத்தம் போகும். வேண்டாம்னா நீங்களே பண்ணிக்கோங்க. நான் கிளம்பணும்கறதுக்காகச் சொல்லல. ஒரு மனுஷன் பல் பிடுங்கப் போனா நிம்மதியாப் பிடுங்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

மச்சான் மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "உங்க இஷ்டம் சார்" என்றார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. அந்த 'சார்' சுருக்கென்று தைத்தது.

திருத்தத்தைச் செய்து முடித்தார்கள். டெஸ்டிங் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் பார்த்தார். கெட்டுப்போன கருவிகள், கெடாத கருவிகள் இரண்டிலும் போட்டுப் பார்த்தார்கள். பஸ் டிப்போவை விட்டு உருண்டு வெளியே வந்தது. சாலை சாலையாக இருந்தது. அதற்கடுத்த திருத்தத்தை அக்காவே பி.பி.எஸ்.ஸில் போட்டார். வேண்டுமென்றே தப்பான பிரதியில் போட்டுப் பார்த்தார், கருவி ஏற்கவில்லை. "இதுக்குச் சூடு சொரணை இருக்கு சார்" என்றார்.

ஒட்டகத்தின் நிறுவனம் வேறொருவரை எடுத்துவிட்டது. மாப்பிள்ளை அதே அறையில் அதே சாத்திய ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தான். போன் அடிப்பது குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. தேவைப்படாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. மச்சான் எதிரில் வந்தால் தலையாட்டுவார். வீட்டில் பெண்டாட்டியும் அவனும் அளந்து அளந்து பேசினார்கள். கோபமில்லை, புண் மேல் கை படாமல் நடப்பது மாதிரி.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் ஒட்டகம் மறுபடி கூப்பிட்டான். "எடுத்த ஆள் போயிட்டான். அந்த அம்மா உன்னைத்தான் கேக்கறாங்க. பி.பி.எஸ். பத்தி பாதியில நிறுத்தினவரு எங்கன்னு. என்ன சொல்ல?"

"இரு" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனை வைத்தான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தான்.

சிகிச்சை அறையில் அவள் ஒரு பெரியவரின் தோளைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பயந்துபோய், "என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும். உன்கிட்டதான் முதல்ல கேக்கறேன்."

சொன்னான். அவள் கை நிற்கவில்லை. பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் உடனே சொல்ல முடியாது" என்றாள்.

"சரி."

"வேண்டாம்னும் சொல்லலாம்."

"தெரியும்."

"வெளியில உக்காருங்க. இன்னும் நாலு பேர் இருக்காங்க."

வெளியே பெஞ்சில், முட்டியில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "உங்களுக்கு என்ன பிரச்சினை? கழுத்தா?" என்று விசாரித்தார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை உட்கார்ந்தான்.